பெற்றவர்களின் சம்மதம்

சிர்காவுக்குப் பதினாறு முடிந்து பதினொன்றாம் நாள், ருஷ்யாவிலிருந்து எசென் சித்தப்பா போன் செய்தார். அண்ணன் சாதிர் இறந்து வருஷம் ஆகப்போகிறது, ஆகஸ்டில் வருஷ விருந்துக்குத் தானும் புருல் சித்தியும் இரட்டைப் பிள்ளைகளும் சொந்த ஊரான தொக்மோக்குக்கு வருகிறோம், திரும்பும்போது சிர்காவையும் கூட்டிக்கொண்டு போகிறோம், அவளுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாயிற்று என்றார். நலம் விசாரித்த அதே மூச்சில் சொன்னார்.

சாதிரின் மனைவி ஊல்கான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"எங்க பொண்ண எங்க கூட்டிட்டுப் போறே?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. அண்ணன் இருந்தவரைக்கும் சரி. இப்ப அவரும் இல்ல, நீங்க ஒண்டிக்கட்டை. பேப்பர்ல பாத்தா அவ எங்க பொண்ணுதானே. இங்க வந்தா படிக்கலாம், பசங்களயும் கொஞ்சம் பாத்துக்குவா."

பேப்பரைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. சாதிருக்கும் ஊல்கானுக்கும் ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. தம்பி எசெனுக்கு முதல் பெண் பிறந்தது. நாற்பதாம் நாள் வீட்டுப் பெரியவர், அதாவது இந்த அண்ணன் தம்பிகளின் அப்பா, குழந்தையை மூத்த மருமகளிடம் கொடுத்துவிட்டார். காரியம் முடிந்தது. இந்த ஊர்ப்பக்கம் அண்ணன் தம்பிக்குள் பிள்ளை கொடுத்தால் ஆபீஸுக்குப் போய் எழுதிக்கொடுக்கிற வழக்கம் கிடையாது. எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லையா என்று சண்டைக்கு வருவார்கள். ஆகவே பிறப்புச் சான்றிதழில் அப்பா எசென், அம்மா புருல். பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷமும் ஊல்கான்தான் கையெழுத்துப் போட்டாள். நீ யார் என்று ஒரு வாத்தியாரும் கேட்கவில்லை.

சிர்காவுக்கு இந்த விஷயம் ஏழு வயதிலேயே தெரியும். தெருவில் ஒரு சண்டையில் யாரோ கத்திச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஊல்கானிடம் கேட்டாள், ஊல்கான் ஆமாம் என்றாள், இருவரும் அழுதார்கள், பிறகு சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகும் ஊல்கான்தான் அம்மா. புருல் சித்திதான். அந்தச் சித்தியின் மேல் மட்டும் சிர்காவுக்கு ஒரு கசப்பு உண்டு. முதல் பிள்ளையை, நாற்பதே நாளில், பக்கத்து வீட்டுக்கு ஆட்டுக்குட்டி கொடுக்கிற மாதிரி தூக்கிக் கொடுத்தவள். அதற்குப் பிறகு புருலுக்குப் பதின்மூன்று வருஷம் வயிறு திறக்கவில்லை. ஊரே உச்சுக்கொட்டியபோது சிர்கா மனசுக்குள் நல்லா வேணும் என்று சொல்லிக்கொண்டாள். சின்னப் பெண்தானே என்று விட்டுவிட முடியாது, பன்னிரண்டு வயதிலும் அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் சிர்கா வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஊல்கானையும் கூட்டிக்கொண்டு, சிறுவர் நல அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சாய்ரா என்று ஓர் அதிகாரி. ஐம்பது வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவள். ஊல்கான் ஒரு பை நிறைய அத்தாட்சி கொண்டுபோயிருந்தாள். பள்ளி ரிப்போர்ட்டுகள், தடுப்பூசி அட்டை, பால்பல் விழுந்த வயதிலிருந்து எடுத்த போட்டோக்கள். எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினாள்.

"எல்லாத்துலயும் என் கையெழுத்துதான். பாருங்க."

சாய்ரா பொறுமையாகப் பார்த்தாள். "அழகாத்தான் போட்டிருக்கீங்க அக்கா. ஆனா சட்டத்துல நீங்க இவளுக்குப் பெரியப்பாவோட விதவை. அவ்வளவுதான். பெத்தவங்க ரெண்டு பேரும் உசிரோட இருக்கும்போது உங்களக் கார்டியனாப் போட முடியாது. அவங்க எங்க கூப்பிட்டாலும் இவ போகணும்."

"பதினாறு வருஷம் வளத்தேன்."

"தெரியுது. எனக்கு ஒண்ணும் கல்நெஞ்சு இல்ல. ஆனா அதை எழுதறதுக்கு இந்தப் படிவத்துல இடமில்ல."

ஊல்கான் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். சாய்ராவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. சிர்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ என்ன பண்றே? படிக்கிறியா?"

"தையல் கம்பெனில வேல செய்யறேன். போன இலையுதிர் காலத்துலேர்ந்து."

"ஒப்பந்தம் இருக்கா?"

"அப்படின்னா?"

சாய்ரா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். பதினாறு ஆனவர், முறையான வேலை ஒப்பந்தத்தில் சம்பாதிக்கிறவர் என்றால், பதினெட்டு வரை காத்திருக்காமல் அவரை மேஜர் என்று அறிவிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்றாள். அப்படி அறிவித்துவிட்டால் எங்கே இருப்பது, யாரோடு இருப்பது என்பதை அவளே முடிவு செய்யலாம். பெற்றவர்கள் தடுக்க முடியாது.

"அதுக்கு என்ன வேணும்?"

"ஒப்பந்தம் வேணும். அப்புறம் பெத்தவங்க ரெண்டு பேரோட சம்மதம். ரெண்டு பேரும் இங்க வந்து என் முன்னால கையெழுத்துப் போடணும். ஒருத்தர் முடியாதுன்னாலும் கோர்ட்டுக்குத்தான் போகணும்."

வெளியே வந்ததும் ஊல்கான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வந்ததும் கேட்டாள்.

"பெத்தவங்ககிட்டேர்ந்து விடுதலைன்னா, என்கிட்டேர்ந்தும்தானே?"

"உங்ககிட்டேர்ந்து விடுதலை வாங்கணும்னா முதல்ல நீங்க பேப்பர்ல இருக்கணும்மா. நீங்கதான் எங்கயும் இல்லையே."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று சிர்காவுக்கு உறைத்தது. ஊல்கான் முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வாய் மட்டும் உன் பெரியப்பன் வாய்," என்றாள். செத்துப்போன புருஷனை அவள் சிர்காவின் பெரியப்பன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சிர்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை விடவில்லை.

அடுத்தது ஒப்பந்தம். தையல் கம்பெனி என்று சிர்கா மரியாதைக்குச் சொன்னாலும், அது அனாரா என்பவளின் வீட்டுப் பின்கட்டில் பன்னிரண்டு மிஷின் போட்ட ஒரு கொட்டகை. குளிர்கால ஜாக்கெட் தைத்து ருஷ்யாவுக்கு அனுப்புவார்கள். சிர்காவின் வேலை ஜிப் வைப்பது. அங்கே யாருக்கும் ஒப்பந்தம் கிடையாது. இத்தனை பீஸுக்கு இவ்வளவு, சனிக்கிழமை கையில் வாங்கிக்கொள்.

"ஒப்பந்தமா?" அனாரா சிரித்தாள். "என் புருஷனோடயே எனக்கு ஒப்பந்தம் இல்லடி. பதினெட்டு வருஷமா இருக்கான்."

"அவரு ஓடிப்போனா உங்களுக்குத் தெரியும் அக்கா. எனக்கு வேணும்."

"எழுதிக் கொடுத்தா நாளைக்கு ஃபண்டு கட்டு, வரி கட்டுன்னு ஆள் வந்து நிப்பான். உனக்குப் போட்டா இந்தப் பதினொரு பேரும் கேப்பாளுங்க."

"கேக்கட்டுமே," என்றாள் ஓவர்லாக் மிஷினிலிருந்து ஒருத்தி. அனாரா அவளை முறைத்தாள்.

சிர்கா வாக்குவாதம் செய்யவில்லை. மிஷினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு யாருக்கும் அந்த வழவழப்புத் துணியில் ஜிப் நேராக வராது. பதினொரு மணிக்குள் நாற்பது ஜாக்கெட் வாயைப் பிளந்துகொண்டு அவள் பக்கத்தில் குவிந்துவிட்டன. லாரி ஐந்து மணிக்கு. பன்னிரண்டரைக்கு அனாரா பேனாவோடு வந்தாள்.

"உன்னைப் பெத்தவ புண்ணியவதி. எங்க போடணும், காட்டு."

ஆகஸ்டில் அவர்கள் வந்து இறங்கினார்கள். எசென் ருஷ்யாவில், எக்காதரின்பர்க்கில் டாக்ஸி ஓட்டுகிறவர். சத்தமாகப் பேசி, எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்து, வந்த பத்தாவது நிமிஷம் சிர்காவின் டிக்கெட்டைப் போனில் காட்டினார். திங்கட்கிழமை காலை விமானம். புருல் வழக்கம்போல் வாயே திறக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு அதிகமாகவே தளர்ந்திருந்தாள். மார்க்கெட்டில் தரை துடைக்கிற வேலை. மூன்று வயதுப் பையன்கள் இருவரும் அவள் பாவாடையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு திரிந்தார்கள்.

எசெனைத் தனியாகக் கேட்டால் முடியாது என்றுதான் சொல்வார். சிர்கா அதனால் தனியாகக் கேட்கவில்லை. புதன்கிழமை வருஷ விருந்து. குதிரை அறுத்து, ஊரும் உறவும் கூடி, வயதுப்படி வரிசையாக உட்கார்ந்து, அவரவர் மரியாதைக்கு உரிய எலும்பைக் கையில் வாங்கியிருந்த நேரம். சிர்கா தேநீர்க் கிண்ணத்தை எசெனிடம் நீட்டிக்கொண்டே, கொஞ்சம் தூக்கலான குரலில் கேட்டாள்.

"சித்தப்பா, வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடணும்."

வரிசையின் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் எசெனின் அப்பா, அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். "என்ன கையெழுத்தும்மா?"

"நான் இங்கயே எங்கம்மாகூட இருக்கறதுக்குங்க தாத்தா."

"இருக்கறதுக்கு எதுக்குக் கையெழுத்து? கொடுத்த பிள்ளைய எவன் திருப்பிக் கேட்டான்?"

சுற்றிலும் மெல்லுகிற சத்தம் நின்றது. கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்பதைவிட மானக்கேடு இந்த ஊரில் வேறில்லை. எசென் வாயிலிருந்த கறியை ரொம்ப நேரம் மென்றார்.

"யாரும் கேக்கல," என்றார் கடைசியில். "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு. போட்டுடறேன்."

"போடு," என்றார் கிழவர், எலும்பைத் திருப்பிப் பிடித்தபடி.

சிர்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்கள் பக்கம் ஓடிப்போய் ஊல்கானின் காதில் சொன்னாள். அங்கே குடல் அலசிக்கொண்டிருந்த புருல் தலையைத் தூக்கி ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் அலசினாள். சித்தப்பா சரி என்றால் சித்தியும் சரிதான், அவளைத் தனியாக யார் கேட்பார்கள் என்று சிர்கா நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாருமாக அலுவலகத்துக்குப் போனார்கள். "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, சம்பந்தப்பட்டவங்க மட்டும்தான்," என்று சாய்ரா சொன்னதும் ஊல்கான் இரட்டையர்களை இழுத்துக்கொண்டு வெளிப்பெஞ்சுக்குப் போனாள். ஒப்பந்தம் சரியாக இருந்தது. சாய்ரா படிவத்தை வைத்து எசெனிடம் கேட்டாள்.

"யாரோட வற்புறுத்தலும் இல்லாம, முழு மனசோட சம்மதிக்கிறீங்களா?"

"ஆமாம்மா, ஆமா." போட்டார். மணியைப் பார்த்தார்.

"நீங்க? முழு மனசோட சம்மதிக்கிறீங்களா?"

"இல்ல," என்றாள் புருல்.

எசென் திரும்பினார். "என்னது? என்ன விளையாட்டு இது?"

"நீங்க சும்மா இருங்க. என்னையத்தானே கேட்டாங்க? இல்ல."

சாய்ரா இது மாதிரி நிறையப் பார்த்திருப்பாள். நிதானமாகச் சொன்னாள். "இல்லேன்னா அதையும் கைப்பட எழுதித் தரணும். கேஸ் கோர்ட்டுக்குப் போகும். ரெண்டு மாசமோ மூணு மாசமோ ஆகும். அதுவரைக்கும் பொண்ணு நீங்க சொல்ற இடத்துலதான் இருக்கணும்."

திங்கட்கிழமை விமானம். மூன்று மாதம் கழித்து யார் திரும்பி அனுப்புவார்கள்? சிர்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பசங்களப் பாத்துக்க ஆயா வேணும்னா அங்கயே ஒருத்தியப் போட்டுக்கலாமே சித்தி. நான்தான் கிடைச்சேனா?"

"பசங்களுக்காகன்னு உங்க சித்தப்பா சொன்னாரு. நான் சொன்னேனா?"

"பின்ன எதுக்கு?"

"எனக்கு நீ வேணும்."

இதைச் சொல்லும்போது புருல் மேஜையைத்தான் பார்த்தாள். பிறகு சாய்ராவிடம் சொல்ல ஆரம்பித்தாள், அவளிடம் சொல்வதுதான் சுலபம் என்பதுபோல்.

"எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு அக்கா. நாப்பதாம் நாள் விருந்து. நான் வெளிய பாத்திரம் கழுவிட்டு உள்ள வரேன், தொட்டில் காலி. குழந்தை ஊல்கான் அக்கா கையில. எல்லாரும் சிரிக்கறாங்க. மாமனார் சொன்னாரு, உனக்கென்ன, வருஷத்துக்கு ஒண்ணு பெத்துக்குவேன்னு. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது? மார்ல பால் கட்டி மூணு நாள் காய்ச்சல். இவரு என்னைக் கேட்டாரா? மாமனார் கேட்டாரா? ஊல்கான் அக்காகூட, அவங்களச் சொல்லக்கூடாது, சந்தோஷத்துல இருந்தாங்க, அவங்களும் கேக்கல. பதினாறு வருஷத்துல நீங்கதான் முதல்ல கேக்கறீங்க. கேட்டா உண்மைதானே சொல்லணும்?"

எசென் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். சாய்ரா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

சிர்கா நாற்காலியைப் புருல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"அன்னிக்குக் கேட்டிருந்தா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன். தரையில உருண்டிருப்பேன்."

சிர்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. வெளிப்பெஞ்சில் ஊல்கான் காத்துக்கொண்டிருந்தாள். ஆனால் இன்றைக்கும் இவளைக் கெஞ்சியோ கூச்சல் போட்டோ கையெழுத்து வாங்கினால், தாத்தா செய்ததற்கும் தான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

"அந்த மறுப்புத் தாளைக் குடுங்க அக்கா," என்றாள் சாய்ராவிடம். "சித்தி எழுதட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் எசென்.

"எழுதட்டும் சித்தப்பா."

புருல் எழுதினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் எழுதியதே குறைவு. ஒவ்வொரு எழுத்தாக, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எசென் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். வெளியே ஒரு பையன் அழுதான், ஊல்கான் ஏதோ பாடி அடக்கினாள்.

"தேதி போடணுமா?"

"கண்டிப்பா."

போட்டாள். சாய்ரா தாளை வாங்கிப் படித்தாள். நெற்றி சுருங்கியது.

"தேதி தப்பும்மா. பதினாறு வருஷத்துக்கு முந்தி ஜூன் பதினொண்ணுன்னு போட்டிருக்கீங்க."

"தப்பில்ல. அன்னிக்குத்தான் நாப்பதாம் நாள்."

"இது செல்லாது."

"தெரியும். உங்களுக்கு எழுதல." புருல் தாளைத் திரும்ப வாங்கி, சிர்காவின் கையில் வைத்தாள். முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "இத நீ வெச்சுக்க. உன்னைத் தர மாட்டேன்னு சொன்னவ ஒருத்தி இருந்தான்னு உனக்குத் தெரியணும்."

பிறகு சாய்ராவிடம் கை நீட்டினாள். "அந்த இன்னொரு படிவத்தக் குடுங்க அக்கா."

சாய்ரா உடனே கொடுக்கவில்லை. "முழு மனசோடதானா? நான் திரும்பவும் கேக்கணும்."

"கேளுங்க."

"யாரோட வற்புறுத்தலும் இல்லாம, முழு மனசோட சம்மதிக்கிறீங்களா?"

"ஆமா. இப்ப நானாக் கொடுக்கறேன்."

கையெழுத்துப் போட்டாள். சாய்ரா முத்திரையை இரண்டு முறை அழுத்திக் குத்தினாள். மூன்று மணிக்கு அலுவலகத்தின் கமிட்டி உட்காரும், ஐந்து மணிக்கு வந்து மேஜர் என்று அறிவிக்கிற தீர்மானத்தை வாங்கிக்கொள், இனி உன் கையெழுத்து நீயே போட்டுக்கொள்ளலாம் என்றாள். சிர்கா தலையாட்டினாள். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. கையிலிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். கோணல் எழுத்தில் மூன்றே வரி: என் பெயர் புருல். இது என் மகள். இவளைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

ஏழு வயதிலிருந்து மனசுக்குள் யாரை ஏசினாளோ அவள் பக்கத்தில் நின்று பை ஜிப்பை மூட முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். சிர்கா அந்தப் பையை வாங்கி மூடிக் கொடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மா என்று கூப்பிட வாய் வரவில்லை, சித்தி என்று கூப்பிடவும் வரவில்லை. புருல் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் இல்லை, பையன் அழுகிறான் என்று வெளியே போய்விட்டாள்.

சிர்கா கதவைத் திறந்ததும் ஊல்கான் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"என்ன ஆச்சு? ஏன் இவ்வளவு நேரம்?"

"முடிஞ்சுதும்மா. நான் எங்கயும் போகல."

ஊல்கான் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள், போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் சிர்கா கையிலிருந்த தாளைக் கவனித்தாள்.

"இதுதான் ஆபீஸ்ல கொடுத்த பேப்பரா?"

"இல்ல. அது சாயந்தரம்தான் கிடைக்கும்."

"அப்ப இது?"

"இது எனக்கு எழுதினதும்மா," என்றாள் சிர்கா. எதிரே வாசலில் எசென் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார், புருல் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். "திங்கட்கிழமை நாமளும் ஏர்போர்ட்டுக்குப் போலாம். நான் போய் வழியனுப்பணும்."